மட்டம் வெட்டிய மகாரத்மல்

ஆறு வருடமாக ஒரு செடியின் மொட்டுகளை என் கையாலேயே வெட்டி எறிந்துவிட்டு, ஏழாவது வருடம் அது பூக்கவில்லை என்று, அதைக் கொடுத்த மனிதரிடம் சண்டைக்குப் போனவன் நான். சும்மாவும் போகவில்லை. லீவு போட்டு, தோய்த்து மடித்த சட்டை மாட்டிக்கொண்டு, ரயிலேறிப் போனேன். இதைவிடப் பெரிய முட்டாள்தனம் செய்தவர்கள் உலகத்தில் இருக்கலாம். ஆனால் வருடத்துக்கு ஒரு முறை, தவறாமல், மட்டக்கம்பு வைத்து அளந்து செய்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கொட்டகலைக்கு மேலே, பாதி நாள் பனிமூட்டத்துக்குள் கிடக்கும் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். பெயரைக் கேட்டு நான் மேசையில் உட்கார்ந்து எழுதியவன் என்று நினைத்துவிட வேண்டாம். மலையில் ஆட்களோடு நின்று வேலை வாங்குகிறவன்தான் கணக்கப்பிள்ளை. எனக்கு மேலே கண்டாக்கு ஐயா, அவருக்கு மேலே துரை. வீட்டுக்குள் வந்தால் இவர்கள் எல்லாருக்கும் மேலே என் மனைவி.

எனக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது கவ்வாத்து. சில வருடங்களுக்கு ஒரு முறை தேயிலைச் செடியை முழங்கால் அளவுக்கு வெட்டி இறக்கிவிட்டு, மறுபடி துளிர்த்து வரும்போது தலையைத் தட்டையாகக் கட்டிவைக்கும் வேலை. கணக்கப்பிள்ளை ஆவதற்கு முன் நானே கத்தி பிடித்தவன். ஒருநாள் என் வெட்டைக் குனிந்து பார்த்த கண்டாக்கு ஐயா, "ம்" என்றார். அந்த "ம்" ஒன்றை வைத்துக்கொண்டுதான் அடுத்த இருபது வருடம் தோட்டத்தில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

மனைவி அப்புத்தளைக்கு அந்தப் பக்கத்துப் பெண். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்களுக்குக் கலியாணம் முடிந்து, முதல் முறையாக அவள் அம்மா வீட்டுக்கு ரயிலில் போனோம். நானுஓயாவைத் தாண்டியதிலிருந்து நான் விடாமல் பகிடி விட்டுக்கொண்டு வந்தேன். அவளும் சிரித்துக்கொண்டுதான் வந்தாள். பட்டிப்பொல கிட்ட வந்ததும் திடீரென்று என்னைக் கையால் அமர்த்திவிட்டு ஜன்னலோடு ஒட்டிக்கொண்டாள்.

"என்னத்தப் பாக்குற?"

"அந்தா, செவப்பா பூத்து நிக்குதே, மகாரத்மல். அது வந்திருச்சின்னா சொரங்கம் வந்திரும். சொரங்கத்தத் தாண்டுனா எங்க பக்கம்."

பாதைக் கரையில், பாசி பிடித்த முறுக்கு உடம்போடு, ஆள் உயரத்துக்கும் கொஞ்சம் மேலே ஒரு பெரிய புதர். தடித்த இலைகளுக்கு நடுவே கொத்துக் கொத்தாகச் சிவப்பு. சுரங்கத்துக்குள் புகுந்து வெளியே வந்ததும் காற்றே வேறாக இருந்தது. இந்தப் பக்கத்துக் குளிர் இல்லை. அவள் முகமும் வேறாகிவிட்டது.

"இவ்வளவுதானா? இத வேரோட கொண்டாந்து நம்ம வாசல்ல நட்டுட்டா, நீ தெனம் வாசலுக்கு வந்தாலே அம்மா வீட்டுக்குப் போன மாதிரி. ரயிலும் வேணாம்."

அவள் சிரிக்கவில்லை. "நடுவீங்களா?" என்றாள்.

என் பகிடிகளோடு உள்ள கஷ்டம் இதுதான். சிரிக்க வேண்டிய இடத்தில் சில பேர் நம்பிவிடுகிறார்கள்.

இரண்டு வருடத்தில் அவள் அம்மா இறந்துபோனார். அண்ணன் குடும்பத்தோடு வத்தளைப் பக்கம் வேலைக்குப் போய்விட்டான். வரிசை வீடான லயத்தில் அவள் பிறந்த காம்பராவை வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். காரியமெல்லாம் முடிந்து திரும்பும்போது, சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் அவள் அந்த மரத்தைப் பார்த்தாள். அப்போது பூ இல்லை. ரயில் வளைந்து மரம் மறையும் வரைக்கும் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்துவிட்டு, "இனிமே இந்தப் பக்கம் வர்றதுக்கு எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள். அழுகையெல்லாம் இல்லை. ரயில் நேரத்தைச் சொல்வதுபோல் சொன்னாள்.

அடுத்த வாரம் பட்டிப்பொலயில் இறங்கினேன். பாதைக் கரையைத் துப்புரவு செய்துகொண்டிருந்த ரயில்வே ஆள் ஒருவரைப் பிடித்தேன். சிங்களவர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் என் சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னேன். என் சிங்களம் கத்தரிக்கோல் இல்லாமல் துணி தைத்தது மாதிரி இருக்கும். ஆனாலும் பெண்சாதிக்காக என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

"காட்டுக்குள்ள போய் ஒரு கொப்பக்கூடத் தொட்டுறாத, பிடிச்சிருவாங்க. இது பாதைக் கரை. நாளைக்கு நானே வெட்டிப் போடப் போறது. கொண்டு போ, தம்பி" என்றார். இடுப்பளவு நின்ற ஒரு செடியைச் சுற்றி வட்டமாக வெட்டி, வேர் அசையாமல், மண்ணோடு பெயர்த்துச் சாக்கில் இறக்கினார். "வேர் மேலாகத்தான் ஓடும், ஆழமா நடாத. தண்ணி தேங்கக் கூடாது. மத்தபடி அத எந்தத் தொந்தரவும் பண்ணாத."

அது சாதாரண ஆட்களுக்குச் சொல்கிற புத்தி என்று நினைத்துக்கொண்டேன். "ம்" வாங்கியவனுக்கு அது பொருந்துமா?

யுத்தம் நடந்த அந்த நாட்களில் சாக்கோடு ரயிலேறும் தமிழன் எப்படிப்பட்டவன் என்று எல்லாருக்கும் ஒரு முடிவு இருந்தது. நானுஓயாவில் ஏறிய ஆமிக்காரர் என் அடையாள அட்டையைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். பெட்டியில் பேச்சு நின்றுபோனது. சாக்குக்குள் கையை விட்டு மண்ணைத் துழாவினார். பூச்செடி என்றேன். யாருக்கு என்று கேட்டார். வீட்டுக்காரிக்கு என்றேன். மண்ணைத் தட்டிக்கொண்டே, தன் வீட்டுக்காரி தென்னம்பிள்ளை ஒன்று கேட்டு இரண்டு வருடமாகிறது, இன்னும் வீட்டுக்கே போக முடியவில்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். கொட்டகலையில் இறங்கும்வரை அடையாள அட்டையைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் சொன்னபோது மட்டும் பயந்தவர் ஆமிக்காரர் ஆகிவிட்டார்.

எங்கள் வீட்டு வாசல் பத்து எட்டு வைத்தால் முடிந்துவிடும். அதில் நல்ல வெயில் விழும் இடம் மனைவியின் போஞ்சிப் பாத்தி. செடியைப் பார்த்ததும் அவள் காய்த்துக்கொண்டிருந்த கொடிகளைக் குச்சியோடு பிடுங்கி இடம் கொடுத்தாள். அன்றைக்குச் சோற்றுக்குப் பிஞ்சுப் போஞ்சி. அடுத்த நாளும் அதுதான். அதற்கடுத்த நாளும்.

நட்ட சூட்டோடு என் வித்தையைக் காட்டினேன். தோட்டத்தில் கவ்வாத்து வெட்டிய மலைக்கு டொலமைட் என்று சுண்ணாம்பு மாதிரி ஒரு வெள்ளைத் தூள் போடுவோம். அதில் இரண்டு கை அள்ளிச் செடிக்குப் போட்டேன். ஒரு மாதத்தில் இலையெல்லாம் மஞ்சளாகிவிட்டது. மனைவி மேல்மண்ணைச் சுரண்டி எடுத்து எறிந்துவிட்டு, காட்டோரத்திலிருந்து மக்கிய சருகும் பன்னைத் தழையும் கூடையில் கொண்டுவந்து மூடினாள். செடி பிழைத்துக்கொண்டது. "பாத்தியா, டொலமைட் வேலைய" என்றேன்.

தீபாவளிக்கு வீட்டுக்கு வெள்ளையடிப்பது வழக்கம். வெள்ளையடித்துவிட்டு எட்ட நின்று பார்த்தால், பளிச்சென்ற சுவருக்கு முன்னால் அந்தச் செடி தலைமயிர் கலைந்து நிற்பது போல் இருந்தது. ஒரு கொப்பு மேலே, ஒன்று பக்கவாட்டில். என் கண்ணுக்குப் பொறுக்கவில்லை. கத்தியைத் தீட்டினேன். மட்டக்கம்பைக் குறுக்கே வைத்து, இடுப்பு உயரத்துக்குத் தட்டையாக, மேசை மாதிரி வெட்டிவிட்டேன். போகிற வருகிற ஆட்கள், "ஐயா வாசல்ல சோத்துத் தட்டக்கூட வைக்கலாம் போல" என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதிலிருந்து தீபாவளிக்குத் தீபாவளி சுவருக்கு வெள்ளை, செடிக்கு மட்டம்.

மூன்றாவது தீபாவளிக்குக் கீழே விழுந்த நுனி ஒன்றை மனைவி எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்க, இது உருண்டையா, மொட்டு மாதிரி இருக்கே."

"கொழுந்து விடுறதுக்கு முன்னால அப்பிடித்தான் முட்டிக்கிட்டு நிக்கும்."

"கொழுந்து ஊசியால்ல இருக்கும்? இது குண்டா இருக்கு."

"நீ நாலு வருசம் கொழுந்து எடுத்த. நான் எத்தன வருசமா மலையில நிக்கிறேன்? எனக்குத் தெரியாத மொட்டா?"

"இது தேயில இல்லையே."

"செடின்னா செடிதான் புள்ள."

அவள் அந்த நுனியைப் போடாமல் முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே போனாள்.

இப்போது யோசித்தால், நான் வேறெப்படி இருந்திருக்க முடியும் என்றும் தோன்றுகிறது. தேயிலையும் விட்டால் மரமாகத்தான் வளரும். வெள்ளையாகப் பூக்கும், காய்க்கும். ஆனால் மலையில் ஒரு செடி பூத்துவிட்டால் அது குற்றம். அந்த நிரையைக் கவனிக்கவில்லை என்று அர்த்தம், கணக்கப்பிள்ளை தலையில் விழும். பூவைக் கண்டால் பயப்படுகிற வேலை எங்களுடையது. எதுவும் இடுப்புக்கு மேலே நிமிரக் கூடாது, நிமிர்ந்தால் தட்ட வேண்டும். என் அப்பாவின் கை அதைத்தான் செய்தது, அவருடைய அப்பாவின் கையும் அதைத்தான் செய்தது. என் கைக்கு வேறு வேலை தெரியாது. நான் வாசலில் கொண்டுவந்து நட்டது என் மனைவியின் ஊரை. வெட்டி வெட்டி அதையும் எங்கள் தோட்டமாக ஆக்கிக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு வருடமும் பொங்கல் கழிந்ததும் அவள் வாசலுக்குப் போய் நின்று பார்ப்பாள். "இந்த வருசமும் இல்ல போல" என்பாள். நானும் செடியைப் பார்த்து, "வெக்கப்படுது, புது எடம்" என்பது போல ஏதாவது சொல்வேன். ஏழாவது வருடம் அவள் போய்ப் பார்க்கவில்லை. கேட்கவும் இல்லை. ஒரு காலை, செடியின் அடியில் புதிதாக ஒரு போஞ்சிக் குச்சி ஊன்றியிருந்ததைக் கண்டேன். பக்கத்தில் இரண்டு விதைக் குழி. சண்டை போட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். குச்சியோடு என்ன பகிடி பேசுவது? அவள் ஊர் இரண்டாம் தடவையாகவும் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் சட்டை மாட்டிக்கொண்டு பட்டிப்பொலவுக்குப் போனேன். அதே ஆள் ஸ்டேசனுக்குக் கிட்ட ஸ்லீப்பர் கட்டை மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. எடுத்த எடுப்பில், "நீங்க எனக்கு மலட்டுச் செடியக் குடுத்திட்டீங்க" என்றேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. "செடி உயிரோட இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்காவா? நல்லா அடர்ந்து, சும்மா கம்பளம் மாதிரி இருக்கு."

"கம்பளம் மாதிரியா? அது ஏன் கம்பளம் மாதிரி இருக்கு?"

"வருசா வருசம் மட்டம் வெட்டுறேன்ல."

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. "எப்ப வெட்டுவ?"

"தீபாவளிக்கு."

வெற்றிலையைத் துப்பினார். எழுந்து கரைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். பழைய மகாரத்மல் நின்றது, அந்த வருடத்துப் பூ வாடத் தொடங்கியிருந்தது. ஒரு கொத்தைக் காம்போடு வளைத்துக் காட்டினார். கொப்பின் நுனியில், சரியாக நான் கத்தி வைக்கும் இடத்தில், பூ இருந்தது.

"மொட்டு மாசக்கணக்கா நுனியிலயே உக்காந்திருக்கும், தம்பி. மழைக்கெல்லாம் தாங்கிக்கிட்டு காத்திருக்கும். நீ வந்து தலையச் சீவிட்டுப் போற. பிறகு பொங்கலுக்கு வந்து பூ கேக்குற." சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவரோடு வேலை செய்த இன்னொருவரையும் கூப்பிட்டுச் சொன்னார். அவரும் சிரித்தார். ஊரையே சிரிக்கவைத்துப் பழகியவன் நான். என்னைப் பார்த்து ஆட்கள் சிரித்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

திரும்பும் வழியெல்லாம் விரலை மடக்கி எண்ணினேன். ஆறு தீபாவளி. பூ வராமல் போகவில்லை. ஆறு தடவையும் அவள் வாசல் வரைக்கும் வந்திருக்கிறது. நான்தான் வாசலில் கத்தியோடு நின்று திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

"என்ன சொன்னாரு?" என்று மனைவி கேட்டாள்.

உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "வயசு பத்தாதாம். இன்னும் ஒண்ணு ரெண்டு வருசம் ஆகுமாம்."

"வெட்டுறதப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?"

"அந்தப் பேச்சே வரல."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு போய்ப் போஞ்சிக் குச்சியைப் பிடுங்கிப் போட்டாள். பொய் சொன்னது பாரமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் குச்சி போனது பெரிய நிம்மதி.

அந்தத் தீபாவளிக்குச் சுவருக்கு மட்டும் வெள்ளையடித்தேன். கை அரித்தது. பண்டிகை முடியும்வரை கத்தியைத் தோட்டத்து ஸ்டோரிலேயே விட்டுவைத்தேன். செடி ஒரு பக்கம் சாய்ந்து, ஒரு பக்கம் நிமிர்ந்து, தன் இஷ்டத்துக்கு வளர ஆரம்பித்தது. "என்னப்பா, வாசல்ல காடு வளக்கிறியா?" என்று கண்டாக்கு ஐயா கேட்டார். வாங்கிய "ம்" அன்றோடு தீர்ந்தது. அந்தப் பொங்கலுக்கும் பூ இல்லை. ஆறு வெட்டு வாங்கிக் களைத்த உடம்பு அந்த வருடம் மொட்டே வைக்கவில்லை, தேறுவதற்கே ஒரு வருடம் போய்விட்டது. அடுத்த ஐப்பசியில் செடி என் தோளைத் தாண்டி நின்றது. எட்டிப் பார்த்தேன். நுனிக்கு நுனி குண்டு குண்டாக மொட்டு. யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதென்றால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, காலைப் பெரட்டில் ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். கவ்வாத்து ஆட்களில் ஒருவனைக் காணவில்லை.

"அவன் எங்க?"

"ஒங்க வீட்டுக்குத்தாங்க போயிருக்கான். ஐயாவுக்கு ரெண்டு வருசமா நேரமில்ல, செடி சடை விழுந்து கெடக்கு, பண்டிகைக்கு நானே மட்டம் வெட்டிக் குடுத்திர்றேன்னு கத்தியத் தீட்டிக்கிட்டுப் போனான்."

ஓடினேன். "தொரை வந்தாக்கூட இந்த ஓட்டம் ஓட மாட்டாரே" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். குறுக்கு வழியில் தேயிலைக்குள் விழுந்து, தண்ணீர்க் கானில் வழுக்கி, சேற்றோடு எழுந்து, ஒரு காலில் செருப்போடு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தேன். தரையில் மூன்று கொப்பு கிடந்தது. செடிக்கும் அவனுக்கும் நடுவே என் மனைவி விளக்குமாற்றோடு நின்றாள்.

"இன்னொரு கொப்புல கத்தி பட்டுச்சி, தீபாவளி கொண்டாட வீடு போய்ச் சேர மாட்ட."

"அம்மா, ஐயா வழமையா வெட்டுறதுதானே. நல்லதுக்குத்தானே வந்தேன்."

"வெட்டாத!" என்று நானும் கத்தினேன். "மொட்டு! எல்லாம் மொட்டு!"

அவன் கத்தியை இறக்கினான். மனைவி மெல்ல என் பக்கம் திரும்பினாள்.

"இது மொட்டுன்னு ஒங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"இப்பதான். ஓடி வர்ற வழியில."

"வர்ற வழியிலயா ஐயா?" என்றான் அந்தப் பாவி, உண்மையாகவே ஆச்சரியப்பட்டு.

அவனை அனுப்பிவிட்டு உள்ளே போனால், மனைவி விழுந்த கொப்பிலிருந்து ஒரு மொட்டை எடுத்து அடுப்படியில் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தாள். வெங்காயத் தோல் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகச் செதில். கடைசியில் நடுவில், நகத்தளவுக்கு, ஈரமாகச் சிவப்பு. உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினாள். நான் மற்றச் செருப்பைத் தேடப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே நழுவினேன்.

பொங்கல் கழிந்த இரண்டாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பனி விலகும்போது பூத்திருந்தது. ஒன்றல்ல, ஏழெட்டுக் கொத்து. வெள்ளையடித்த சுவருக்கு முன்னால் அந்தச் சிவப்பு கண்ணைக் கூசவைத்தது. ஒரு குருவி தலைகீழாகத் தொங்கித் தேன் குடித்துக்கொண்டிருந்தது. மனைவி உட்காரும் பலகையைக் கொண்டுவந்து வாசலில் போட்டு, கையில் பால் விடாத சாயத்தண்ணிக் கோப்பையோடு உட்கார்ந்தாள். குடிக்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள். சுரங்கத்தைத் தாண்டியதும் ஜன்னலோரம் பார்த்தேனே, அந்த முகம்.

இதற்கு மேல் மறைத்துவைக்க எனக்கு முடியவில்லை. அவளுக்கு முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பட்டிப்பொலக்காரர் சொன்னது, நான் மாற்றிச் சொன்னது, அவர்கள் இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தது, ரயிலில் விரல் மடக்கியது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஆறு வருடம் உன் பூவை நான்தான் வெட்டினேன், செடிமேல் பழியைப் போட்டேன், இனி இந்த வாசலில் கத்தியைத் தொட மாட்டேன் என்றேன். இடையில் ஒரு பகிடிகூட விடவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் ஒழுங்காகப் பேசியது அந்த ஒரு தடவைதான். சொல்லி முடித்துவிட்டு, திட்டுவாளா, அழுவாளா, மன்னித்தேன் என்பாளா என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"மறைக்குது, கொஞ்சம் தள்ளி நில்லுங்க."